பின்னட்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும், அவர்களுக்காகப் பின்னட்டை வாசகம் எழுதித் தருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் எழுத்தாளர் இல்லை, விமர்சகரும் இல்லை. படிக்கிறவள், அவ்வளவுதான். இரவில் படுக்கையில் அரை மணி நேரம், பயணத்தில் கொஞ்சம், யாருக்காவது காத்திருக்கும்போது கொஞ்சம். போன ஒன்றரை வருடமாக, அண்மையில் வந்த புத்தகங்களாகப் பார்த்துப் படித்தேன். நாவல், சிறுகதை, நினைவுக்குறிப்பு, வரலாற்று ஆய்வு, துப்பறியும் கதை என்று ஒரு கதம்பம். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். அந்த ஒன்றை முடிக்காததற்கு நான் பொறுப்பில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

புத்தகம் முடிந்ததும் அதைத் திருப்பிப் பின்னட்டையை மறுபடி படிப்பது என் பழக்கம். பாதிக்குப் பாதி, 'இந்தப் புத்தகத்தையா நான் படித்தேன்?' என்று தோன்றுகிறது. மகத்தான, ஒப்பற்ற, அதிரவைக்கும், கீழே வைக்க முடியாத. எந்தப் புத்தகத்தின் முதுகில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் சொற்கள். அதில் எனக்குத் தேவையான ஒரு தகவல்கூட இல்லை. பின்னட்டை விற்பதற்காகத்தான், புத்தகத்தை விமர்சிக்க அல்ல என்பீர்கள். சரி. ஆனால் விற்கும்போது கொஞ்சம் பொருளைப் பற்றியும் சொல்லலாம் இல்லையா?

'ஆர்பிட்டல்' நாவலை எடுத்துக்கொள்கிறேன். சமந்தா ஹார்வி எழுதியது, 2024இன் புக்கர் பரிசு பெற்றது. விண்வெளி நாவல் என்று சொல்லித்தான் நண்பர் ஒருவர் கையில் கொடுத்தார். விண்வெளி என்றால் ஏதாவது வெடிக்கும், யாராவது கயிறு அறுந்து மிதந்து போவார்கள் என்று நானும் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆறு பேர் ஒரு நிலையத்தில் இருக்கிறார்கள். ஒரே நாள், பூமியைப் பதினாறு முறை சுற்றுகிறார்கள், பதினாறு விடியல் பார்க்கிறார்கள். ஒருத்திக்கு அம்மா இறந்த செய்தி வருகிறது. அவளால் போக முடியாது. கீழே ஒரு புயல் திரள்கிறது. மேலிருந்து பார்க்க அது அழகாக இருக்கிறது. இவ்வளவுதான் கதை. 136 பக்கத்தை நான் பதினோரு இரவு படித்தேன். இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 'கீழே வைக்க முடியாத' என்று சொல்லி விற்றால் இந்த நாவலுக்கு அநியாயம். அடிக்கடி கீழே வைக்க வேண்டிய புத்தகம் அது. அப்படியே அச்சடித்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

உங்கள் வேலைக்கு ஒரு பழைய கையேடு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல். பள்ளியில் எழுத்தும் சொல்லும் மனப்பாடம் செய்த வேகத்தில் நாமெல்லாம் அதன் முன்பகுதியை, பாயிரத்தை, தாண்டிப் போய்விட்டோம். நூலை எப்படி அறிமுகப்படுத்துவது என்று அங்கே எட்டு விஷயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: 'ஆக்கியோன் பெயரே வழியே எல்லை / நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே / கேட்போர் பயனோடு ஆய்எண் பொருளும்'. எழுதியவர் யார், எந்த வழியில் வந்த நூல், எந்த நிலத்தில் வழங்குவது, பெயர் என்ன, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எதைப் பற்றியது, யார் கேட்கத் தகுந்தது, என்ன பயன். மகத்தான என்ற சொல்லுக்கு இதில் இடமே இல்லை பாருங்கள். எத்தனை துறை கரைகண்டவனாக இருந்தாலும் 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்று வேறு சொல்லிவிட்டார். அதனால்தான் அறிமுக உரையை இன்னொருவர் எழுதித்தர வேண்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று அணிந்துரை, வாழ்த்துரை, பதிப்புரை, என்னுரை என்று நாற்பது பக்கம் கழித்துக் கதை தொடங்குகிறது. அந்த அணிந்துரையும் கதாநாயகி கடைசியில் சாகிறாள் என்பதை மூன்றாவது பத்தியிலேயே சொல்லிவிடும். நான் இப்போதெல்லாம் அணிந்துரையைக் கடைசியில்தான் படிக்கிறேன். அப்போது பல நன்றாகவே இருக்கின்றன. பின்னுரையாக வைத்தால் என்ன?

எட்டில் எனக்கு மிகவும் பிடித்தது 'வழி'. இலக்கணக்காரர்கள் அதற்கு முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று விளக்கம் சொல்வார்கள். நான் மொழிபெயர்ப்பு நூல்களுக்காக எடுத்துக்கொள்கிறேன். இந்தப் புத்தகம் எந்த மொழியிலிருந்து, யார் கை வழியாக என்னிடம் வந்தது?

பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லாம்ப்' இதற்கு நல்ல உதாரணம். 1990க்கும் 2023க்கும் இடையில் அவர் கன்னடத்தில் எழுதிய கதைகளிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்து ஆங்கிலத்தில் தந்தவர் தீபா பாஸ்தி. 2025இல் சர்வதேச புக்கர் கிடைத்தது. அந்தப் பரிசு சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை, கன்னடத்துக்கும் முதல் முறை. பரிசுத் தொகையை எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். தீபா பாஸ்தி அடிக்குறிப்பு எதுவும் போடவில்லை, கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் தனியே பிரித்துக் காட்டவும் இல்லை. புரியாவிட்டால் கொஞ்சம் புரியாமல் இரு, அடுத்த வரியில் புரியும் என்று வாசகரை விட்டுவிடுகிறார். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. நம் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் பக்கத்துக்கு ஐந்து நட்சத்திரக்குறி. ஒவ்வொன்றுக்கும் கண்ணைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றுவதற்குள், கதையில் அழுதுகொண்டிருந்தவள் அழுது முடித்துவிடுகிறாள்.

கதைகள் எப்படி என்றால், ஒரே மூச்சில் படிக்காதீர்கள். மூன்று கதையைத் தொடர்ந்து படித்தால் கணவர்கள் எல்லோரும் ஒரே முகமாகிவிடுகிறார்கள். நாளுக்கு ஒன்று என்று படித்தால் ஒவ்வொருத்தியும் தனியாக நிற்கிறாள். கடைசிக் கதை ஒரு பெண் கடவுளிடம் பேசுவது: உலகத்தை இன்னொரு தடவை செய்வதாக இருந்தால், ஒருமுறை நீயே பெண்ணாக வந்து பார். அதற்குப் பிறகு ஒரு வாரம் வேறு எதையும் எடுக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் பெயரை முன்னட்டையில் போடுங்கள் என்று உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். போலந்து எழுத்தாளர் ஓல்கா தோகார்ச்சுக்கை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜெனிஃபர் கிராஃப்ட், என் பெயர் அட்டையில் இல்லாவிட்டால் இனி மொழிபெயர்க்க மாட்டேன் என்று 2021இல் அறிவித்தார். நம் பக்கம் நிலைமை எவ்வளவோ தேவலை, பல பதிப்பாளர்கள் போடுகிறீர்கள். ஆனால் போன வருடம் நான் வாங்கிய ஒரு நாவலில் முன்னட்டையில் இல்லை, பின்னட்டையில் இல்லை, உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தேடினால் பொடி எழுத்தில் இருக்கிறது. மூலத்திலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று அங்கேயும் இல்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை, பாதி படித்த பிறகுதான் இதை ஏழெட்டு வருடம் முன்பே வேறு தலைப்பில் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. புதுப் பெயர், புது அட்டை, 'முதற்பதிப்பு' என்ற முத்திரை. பழைய பிரதி என் அலமாரியிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது.

மொழிபெயர்ப்பு என்று வந்துவிட்டதால் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்'. 2025இல் புலிட்சர் பெற்றது. மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் கதையில் ஹக்கோடு படகில் போகிற அடிமை ஜிம்மே இங்கே கதை சொல்கிறார். இதன் உயிர் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. அடிமைகள் தங்களுக்குள் நல்ல திருத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். வெள்ளைக்காரர் பக்கத்தில் வந்ததும் பேச்சைக் குலைத்துக்கொள்கிறார்கள். எப்படித் தப்பாகப் பேச வேண்டும் என்று குழந்தைகளுக்குப் பாடமே நடக்கிறது. சிரித்துக்கொண்டே படித்தேன். அப்புறம், சிரித்ததை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இதை யாராவது தமிழில் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று நாள் கணக்காக யோசித்தேன். தமிழில் எழுத்து நடையும் பேச்சு நடையும் ஏற்கெனவே தனித்தனி. ஆனால் அது எல்லோருக்கும் பொது. எஜமானரும் வீட்டில் பேச்சுத்தமிழ்தான் பேசுவார். அடிமைகளின் பொய்ப் பேச்சுக்கு ஏதோ ஒரு வட்டார வழக்கைக் கொடுத்தால், அந்த வட்டாரக்காரர்கள் பேசுவதுதான் 'தப்பான' தமிழ் என்று ஆகிவிடும். வேண்டுமென்றே யாருடையதும் அல்லாத ஒரு உடைந்த தமிழைப் புதிதாகச் செய்ய வேண்டும். அப்படி ஒருவர் செய்தால், அதை எப்படிச் செய்தார் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வாழ்த்துரைகளுக்குப் பதில் அதைப் படிக்க நான் தயார்.

இன்னொரு மொழிபெயர்ப்புச் சிக்கல் ஹங்கேரிய எழுத்தாளர் லாஸ்லோ கிராஸ்னஹோர்கை. 2025இன் இலக்கிய நோபல் அறிவித்ததும் எல்லோரையும் போல நானும் ஓடிப்போய் எடுத்தேன். 'ஹெர்ஷ்ட் 07769', ஆங்கிலத்தில் ஒட்டிலி முல்செட். நானூறு பக்கத்துக்கு மேல், ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி கடைசியில்தான். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் முதலிலேயே வந்துவிடுவதால் எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கலாம். தமிழில் வினை கடைசியில் வரும். வந்து, பார்த்து, நின்று, திகைத்து என்று வினையெச்சமாகவே போய், முற்றுவினைக்காக நானூறு பக்கம் காத்திருக்க வேண்டியிருக்கும். நம் உரையாசிரியர்கள் செய்யாததா என்றும் தோன்றுகிறது. அவர்கள் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பயந்துதான் தொடங்கினேன். ஆனால் கதை எளிது, சிரிப்பும் வருகிறது. சுவர்க் கிறுக்கல்களைத் துடைக்கும் வேலை பார்க்கும் ஃப்ளோரியான் என்ற பெரிய உடம்புக்காரப் பையன், பிரபஞ்சம் அழியப்போகிறது என்று பயந்து ஜெர்மனியின் அன்றைய சான்சலர் ஏங்கலா மெர்கலுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான். அனுப்புநர் முகவரியில் தன் பெயரையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் மட்டும் போடுகிறான்: ஹெர்ஷ்ட் 07769. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குத் திறந்த மடல் எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு அவன்மேல் தனிப் பாசம். கடினமான எழுத்தாளர் என்று பயமுறுத்தும் எல்லாப் பின்னட்டைகளிலும் 'பாதிக்கு மேல் சிரிப்பீர்கள்' என்று ஒரு வரி சேர்க்கலாம். 'யாப்பு' என்ற இடத்தில் 'ஒரே வாக்கியம்' என்று போட்டுவிடுங்கள், ஓடுகிறவர் ஓடட்டும்.

டேவிட் சலாயின் 'ஃப்ளெஷ்' இதற்கு நேர் எதிர். 2025 புக்கர். இஷ்ட்வான் என்ற ஹங்கேரியப் பையன் பதினைந்து வயதில் தொடங்கி ராணுவம், லண்டன், பெரும் பணம் என்று போய்த் திரும்புகிறான். எது நடந்தாலும் அவன் பதில் 'ஓகே'. முதல் ஐம்பது பக்கம் எரிச்சலாக இருந்தது. நூறைத் தாண்டியதும் ஒவ்வொரு ஓகேயும் வெவ்வேறாகக் கேட்க ஆரம்பித்தது, நம் 'சரி' மாதிரி. சம்மதிக்கும் சரி, சலித்துக்கொள்ளும் சரி, இத்தோடு விடு என்னும் சரி. நடுப்பகுதி கொஞ்சம் நீளம் என்பது என் கருத்து.

ஹான் காங்கின் 'வீ டூ நாட் பார்ட்' பற்றி நிறையச் சொல்ல ஆசை. அவருக்கு 2024இல் நோபல் கிடைத்த பிறகு, 2025இல் ஆங்கிலத்தில் வந்தது. கொரிய மூலம் 2021. இதை எல்லோரும் தென் கொரியாவில் உள்ள ஜேஜு தீவின் படுகொலை நாவல் என்றுதான் சொல்கிறார்கள். 1948இல் அங்கே தொடங்கிய கொலைகள்தான் அதன் அடியில் கிடக்கின்றன, உண்மைதான். ஆனால் நான் படித்த முதல் பாதி ஒரு பறவையைப் பற்றியது. தச்சு வேலையில் ரம்பம் பட்டு விரல் துண்டாகி மருத்துவமனையில் கிடக்கும் தோழி கேட்கிறாள்: என் வீட்டுப் பறவைக்குத் தண்ணீர் இல்லை, இன்றைக்கே போய்க் கொடு. தைத்த விரலில் நரம்பு செத்துப்போகாமல் இருக்க மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியால் குத்துகிறார்கள். கதை சொல்கிறவள் பனிப்புயலில் கிளம்பிப் போகிறாள். பேருந்து வருமா, பாதை தெரியுமா, பறவை உயிரோடு இருக்குமா?

அந்த ஊசிதான் புத்தகம் முழுவதும் என்று எனக்குப் பட்டது. வலிக்காமல் விட்டால் ஆறாது, செத்துப்போகும். ஆசிரியர் இதை எங்கும் விளக்கிச் சொல்லவில்லை, நானாகச் சொல்லிக்கொள்கிறேன். 'படுகொலை' என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, எனக்கு மனபலம் இல்லை என்று இதை வைத்துவிட்டுப் போன இரண்டு பேரைத் தெரியும். 'ஒரு பறவைக்குத் தண்ணீர் கொடுக்கப் பனியில் போகிறவளின் கதை' என்று சொல்லிக் கொடுத்தேன். இருவரும் படித்தார்கள். படித்துவிட்டு என்னைத் திட்டினார்கள், அது வேறு.

நினைவுக்குறிப்புகளில் இரண்டு. சல்மான் ருஷ்டியின் 'நைஃப்' 2022 ஆகஸ்ட் 12 அன்று மேடையில் அவர் கத்தியால் குத்தப்பட்டதையும் பிழைத்ததையும் சொல்வது. தாக்குதல் நடந்தது 27 நொடி. அந்த 27 நொடியையும், பிறகு மருத்துவமனையில் உடம்பு ஒவ்வொரு பாகமாகத் திரும்பி வருவதையும் எழுதியிருக்கும் பக்கங்கள் அபாரம். தாக்கியவனோடு கற்பனையில் பேசும் அத்தியாயம் எனக்கு ஒட்டவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒருவரே பேசினால் யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அருந்ததி ராயின் 'மதர் மேரி கம்ஸ் டு மீ' அம்மா மேரி ராயைப் பற்றியது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வாங்கித் தந்த 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர் போட்ட வழக்கில்தான் வந்தது. ஊருக்கே நீதி வாங்கித் தந்தவர் வீட்டில் எப்படி இருந்தார் என்பதுதான் புத்தகம். மகள் அம்மாவை 'மிசஸ் ராய்' என்கிறார். அம்மாவைத் தெய்வமாகவோ அரக்கியாகவோ ஆக்காமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுத முயன்ற எல்லோருக்கும் தெரியும். இவர் இரண்டு பக்கமும் போய் வருகிறார். போகிற வழியெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது.

தமிழில் படித்தவற்றில், தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023இலும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' 2024இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவை. முதலாவது நாவிதர் குடும்பங்களின் கதை. தலைப்பு கணியன் பூங்குன்றனின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து வந்தது. 'யாதும் ஊரே'யோடு நிறுத்திவிட்டவர்களுக்கு, அந்தப் பாட்டில் ஆற்று நீரின் வழியே அடித்துச் செல்லப்படும் தெப்பமும் உண்டு என்று நினைவுபடுத்துகிற தலைப்பு. காரு மாமாவின் சாவை ஒட்டி உறவுகள் கூடுகிற பக்கங்களில், யார் யாருக்கு என்ன முறை என்று தாளில் ஒரு மரம் வரைந்துகொண்டேன். நீங்களே ஒன்று அச்சிட்டிருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

இரண்டாவதை ஆய்வு நூல் என்றதும் பயந்து ஒதுக்குகிறவர்கள் ஒதுக்காதீர்கள். வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13, திருநெல்வேலி பற்றி எரிகிறது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறக்கிறார்கள். ஆவணத்துக்கு ஆவணம் தாண்டிப் போகும் நடை, ஒரு நல்ல துப்பறியும் கதைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. இங்கே 'கேட்போர்' என்ற இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் என்று மட்டும் போட்டால் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள்.

துப்பறியும் கதை என்றதும் அந்த முடிக்காத புத்தகம் ஞாபகம் வருகிறது. யார் எழுதியது, யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை. மொழிபெயர்ப்பு, நல்ல விறுவிறுப்பு, இரவு பன்னிரண்டு மணி. பூட்டிய அறை, உள்ளே பிணம். 112ஆம் பக்கத்தின் கடைசி வரியில் கதவைத் திறக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் 97. அச்சகத்தோடு பழகியவர்களுக்கு உடனே புரியும்: பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஏழாவது ஃபாரத்தை இரண்டு முறை வைத்துத் தைத்துவிட்டார்கள், எட்டாவதைக் காணோம். 129இல் கதை மறுபடி தொடங்கும்போது எல்லோரும் அந்த அறையிலிருந்து வெளியே வந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருக்கிறார்கள். பதிப்பகத்துக்கு எழுதினேன். மாற்றுப் பிரதி அனுப்புவதாகப் பதில் வந்தது. அனுப்பினார்கள், வந்தது. அதிலும் அதே 97. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. கடைசி அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிட்டேன், கொன்றது யார் என்று தெரியும். அறைக்குள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் தெரியாது. உங்களில் யாராவது ஒருவரின் கிடங்கில் அந்த எட்டாவது ஃபாரம் தனியாகக் கிடக்கும். தைக்க வேண்டாம், அப்படியே அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி